ஓல்டு பெய்லி பதிவுகள்: தண்டனைகளை எண்ணும் முன்

நண்பர்களே, லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றப் பதிவுகளில் (1674–1913) வேலை செய்பவர்கள் கவனத்துக்கு.

‘மரண தண்டனை’ என்று கண்டதும் தூக்கு என்று கணக்கில் ஏற்றாதீர்கள். பலருக்கு அரச மன்னிப்பால் அது நாடுகடத்தலாக மாறியது. அதை மன்னிப்பு ஆவணங்களில் தனியாகத் தேட வேண்டும்.

திருட்டுப் பொருளின் மதிப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டுக்குள் இருந்து 40 ஷில்லிங் (அன்றைய ஆங்கில நாணயம்) அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் மரண தண்டனை. அதனால் ஜூரிகள் பல வழக்குகளில் வேண்டுமென்றே 39 ஷில்லிங் என்று குறைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். உயிரைக் காத்த அந்த ஒரு ஷில்லிங்தான் நம் ஆய்வுக்கு மிக முக்கியம். குற்றச்சாட்டில் சொன்ன மதிப்பு, தீர்ப்பில் சொன்ன மதிப்பு இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

1752க்கு முன் அங்கே சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையான வழக்குகளுக்கு 1718/19 என்பது போல, பழைய கணக்கு ஆண்டு, இன்றைய கணக்கு ஆண்டு என இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.