பிரீதர் அடைத்தாலும் ஆயில் கசியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வெளியான மழைக்காலக் கார் பராமரிப்புக் கட்டுரை டயர், பிரேக், வைப்பர் என எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எஞ்சினின் அடியில் சேரும் வாயுவுக்கு வழிவிடும் பிரீதர் பைப்பையும், அந்த வழியைக் கட்டுப்படுத்தும் பிசிவி வால்வையும் விட்டுவிட்டது. குமரி மாவட்டத்துக்கு இது சிறிய விடுபடல் அன்று.

பிஸ்டனைச் சுற்றி வாயுவை அடைக்கும் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டனைக் கடந்து கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கவே செய்யும். அதை வெளியே விடாமல் மீண்டும் எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும் ஏற்பாடு, புகைமூட்டத்தால் தவித்த கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களில் வந்தது. பெட்ரோல் காரில் இந்த வேலையைச் செய்யும் பிசிவி வால்வு, வண்டி நின்றபடி ஓடும் ஐடிலிங்கில் எஞ்சினின் உறிஞ்சல் மிகும்போது வழியைக் குறுக்கி, ஏற்றத்தில் உறிஞ்சல் குறையும்போது விரித்துக் கொடுக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெரும்பகுதி சைலன்சர் வழியே போனாலும், ஆயிலில் சேரும் சிறு பங்கு ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் ஆவியாகும். நம் பகுதியில் வளைகுடாவில் வேலை பார்ப்போரின் கார்கள் போர்டிகோவில் மாதக்கணக்கில் நிற்கின்றன. பேட்டரி இறங்கக் கூடாதென்று வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணந்தான், ஆனால் ஆயில் மூடியின் உட்புறம் பால் காப்பி நிறத்தில் படியும் பசைக்கு இதைவிடச் சிறந்த வழி வேறில்லை. அந்தப் பசைதான் வால்வையும் பைப்பையும் அடைக்கிறது. தார்ச்சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துவதே சரி.

போக்கிடமில்லாத வாயு எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கையும் ஆயில் சீலையும் நெருக்கி ஆயிலைக் கசிய வைக்கும். ஏர் கிளீனர் பெட்டிக்குள் ஆயில் ஏறும். இதைக் கண்டதும் "ரிங் போச்சு, எஞ்சின் இறக்கணும்" என்று சொல்லும் ஒர்க்ஷாப்புகள் உண்டு. ஐடிலிங்கில் ஆயில் மூடியைக் கழற்றி அவ்விடத்தில் ஒரு தாளை வைத்தால், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது மெல்ல ஒட்ட வேண்டும். தூக்கித் தள்ளினால் முதலில் பைப்பைச் சுத்தம் செய்து, வால்வை மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் தள்ளினால் மட்டுமே ரிங்கைச் சந்தேகிக்கலாம். டீசல் எஞ்சினில் அமைப்பு வேறு என்பதால் இந்தத் தாள் சோதனை பொருந்தாது.

அடுத்த பராமரிப்புக் கட்டுரையில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், தக்கலை