டிஸ்க் இல்லாத புத்தகம்

தண்டையார்பேட்டை,
சென்னை - 81.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுகிறேன். போனில் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் "சரி நைனா, சரி நைனா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒற்றை விரலால் அடித்தது, பிழை இருந்தால் டீச்சர் வேலையை என்னிடம் காட்டாதே.

ஸ்கூலில் பாடங்களை எல்லாம் வீடியோவாக்கித் தரச் சொல்லிவிட்டார்கள், ஒரு மாதம்தான் நேரம், நாற்பது யூடியூப் வீடியோ பார்த்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று அழாத குறையாகச் சொன்னாய். எப்படி நிற்கும்? அங்கே ஓடுவது அவன் கை. உன் கை மடியில் இருக்கிறது. "ஒரு மாசத்துல ஒரு சாஃப்ட்வேரை யாராவது கத்துக்க முடியுமா நைனா?" என்று கேட்டாயே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயும் நானும் கற்றுக்கொண்டது ஒரே மாதத்தில்தான். 2004, ஆடி மாதம். நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். மறந்துவிட்டாயா?

அதுவரை கல்யாண வீடியோ எடுக்கிற எனக்கு எடிட்டிங் என்றால் டேப் ஓட்டுகிற பெட்டி, அதாவது டெக், இரண்டு, நடுவில் ஒரு மிக்ஸர். ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிய வேண்டும். பந்தி வரைக்கும் பதிந்து முடித்த பிறகு, மாலை மாற்றுகிற இடத்தில் ஒரு ஷாட் விட்டுப்போயிற்று என்று தெரிந்தால் தீர்ந்தது கதை. அங்கிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். டேப்பிலிருந்து டேப்புக்கு ஏற ஏறப் படமும் வெளுக்கும். அந்த டெக்கும் நம்முடையது இல்லை. மின்ட் பக்கம் ஒருவரிடம் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, ராத்திரியில் போய் உட்கார வேண்டும்.

அந்த வருஷம்தான் அம்மாவின் வளையல் இரண்டும் சேட்டு கடைக்குப் போய், வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் பிரீமியர் ப்ரோ என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர். அடோபி அதை 2003-இல்தான் வெளியிட்டிருந்தது. ஆவணியில் மூன்று கல்யாணம் பேசி அட்வான்ஸ் வாங்கியாயிற்று. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆக, எனக்குக் கிடைத்தது அந்த ஆடி மட்டும்தான். கிளாஸில் விசாரித்தால் மூன்று மாதம் என்றார்கள். சரி, புத்தகம்தான் வழி என்று சென்ட்ரலில் இறங்கினேன். எரிந்துபோன மூர் மார்க்கெட்டுக்குப் பதிலாக லில்லி பாண்ட் காம்ப்ளெக்ஸில் இடம் கொடுத்தார்களே, அந்தப் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் கிடைத்தது. தலையணை கனம். பின் அட்டையில் டிஸ்க் வைக்கிற பிளாஸ்டிக் உறை இருந்தது, டிஸ்க் இல்லை. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன்.

எனக்கு முன்னால் வைத்திருந்த ஆள் முதல் நாற்பது பக்கத்துக்குப் பென்சிலில் கோடு போட்டிருந்தார். அதற்கப்புறம் புத்தகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. புரட்டிப் பார்த்தால், அந்த நாற்பது பக்கமும் எந்த ஜன்னல் எங்கே இருக்கிறது, எந்தப் பட்டனுக்கு என்ன பெயர் என்கிற சமாச்சாரம். ஒரு கிளிப்பைக்கூட வெட்டாமல் நாற்பது பக்கம் படித்தால் யாருக்குத்தான் அலுக்காது? நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு அதை அப்படியே தாண்டிப் போனேன். அதற்கு வாங்கிய அடியை அப்புறம் சொல்கிறேன்.

நான் பத்தாவது வரை, அதுவும் தமிழ் மீடியம். நீ ஸ்கூல் விட்டு வந்து புத்தகத்தை மடியில் வைத்து வாசிப்பாய், நான் மவுஸைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒரு வரி வாசி, நிறுத்து, நான் செய்வேன், அப்புறம் அடுத்த வரி. உனக்கு எடிட்டிங் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் இரண்டு பேருமே எதையும் புரிந்த மாதிரி பாவனை செய்ய முடியவில்லை. நான்கு நாளில் டெக்கில் நான் ஆறு வருஷம் செய்ததெல்லாம் அதில் வந்துவிட்டது.

'ரிப்பிள் டெலீட்' என்று ஒரு இடம் வந்தது. நீ டிக்‌ஷனரியைப் பார்த்து "ரிப்பிள்னா சின்ன அலை நைனா" என்று ஓரத்தில் பென்சிலால் 'அலை' என்று எழுதினாய். அலைக்கும் வெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு பேரும் விழித்தோம். ஏரியெல்லாம் வற்றி லாரித் தண்ணீரை நம்பியிருந்த வருஷம் அது. அன்று ராத்திரி லாரிக்காகக் குடங்களை வரிசை வைத்திருந்தோம். முன்னால் இருந்த ஒருவர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார், பின்னால் இருந்த குடமெல்லாம் ஒரு சாண் ஒரு சாணாக முன்னே நகர்ந்தது. நீதான் கத்தினாய்: "நைனா, ரிப்பிள் டெலீட்!" குடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகிறார்களே, அதுதான் சாதா டெலீட், கிளிப் போய்விடும், இடம் காலியாகவே நிற்கும். அதற்கப்புறம் எனக்கு அதில் சந்தேகமே வந்தது கிடையாது. இன்றைக்கும் ஷிஃப்ட்டோடு டெலீட்டை அழுத்தினால் பிளாஸ்டிக் குடம் உரசுகிற சத்தம் காதில் கேட்கிறது.

டிஸ்க் இல்லாததால் புத்தகத்தின் பயிற்சிக் காட்சிகள் நம்மிடம் இல்லை. அதில் யாரோ பனியில் சறுக்கிக்கொண்டிருந்தான். நமக்குப் பனிக்கு எங்கே போவது? உன் அத்தையின் வளைகாப்பு டேப் கிடந்தது, அதைப் போட்டோம். அசைவின் நடுவில் வெட்டு, வெட்டு தெரியாது என்று புத்தகம் சொன்னது. பாட்டி வளையலை எடுத்து நீட்டுவது தூரத்து ஷாட், கை பாதி வழி வரும்போது வெட்டி, வளையல் மணிக்கட்டில் ஏறுவதைக் கிட்ட ஷாட்டில் ஒட்டினோம். அந்த வெட்டை நானே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை, பாப்பா. டிஸ்க் இருந்திருந்தால் அந்த ஆள் சறுக்கியதை அப்படியே காப்பி அடித்துவிட்டுக் கற்றுக்கொண்டதாக நினைத்திருப்பேன். எங்கே வெட்டுவது என்று அதில் முன்பே முடிவு செய்து வைத்திருப்பார்கள். நம் டேப்பில் எல்லாமே நம் தலையில்தான் விழுந்தது.

அந்தக் காலத்துக் கஷ்டம் உனக்கு வேண்டாம்தான், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு மணி நேர மினி டிவி (MiniDV) கேமரா டேப் கம்ப்யூட்டருக்குள் போக ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜிபி இடம் பிடிக்கும். ஒரு கல்யாணத்துக்கு நாலு டேப். நம் ஹார்ட் டிஸ்க் மொத்தமே 80 ஜிபி. இரண்டு கல்யாணத்தை ஒன்றாக வைக்க முடியாது.

இப்போது அந்த அடி. ஆவணி முதல் கல்யாணம் ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம். எடிட் பண்ணி, டிவிடி போட்டு, பெண் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிவியில் போட்டதும் பெண்ணின் அப்பா கேட்டார்: "ஏம்பா, மாப்ள இன்னா இப்டி வுட்டு வுட்டு நடக்கிறாரு?" உண்மைதான். ஊர்வலம் முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. கம்ப்யூட்டரின் சின்ன ஜன்னலில் அது எனக்குத் தெரியவில்லை. பழைய கம்ப்யூட்டர் இப்படித்தான் திணறும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, நான் தாண்டிய நாற்பது பக்கத்தை நீ வாசித்தாய். அதில் ஒரு மூலையில் சின்னக் கட்டம்: அமெரிக்காவில் டிவிக்கு என்டிஎஸ்சி முறை, நொடிக்கு 29.97 ஃப்ரேம், அதாவது படம். உங்கள் நாட்டில் பால் முறை என்றால் ப்ராஜெக்டைத் தொடங்கும்போதே 25 வைத்துக்கொள்ளுங்கள். "பாலா? குடிக்கிற பாலா?" என்று நீ சிரித்தாய், எனக்குச் சிரிக்க வரவில்லை. புத்தகத்தில் காட்டியிருந்ததையே அப்படியே அழுத்தி, நம் 25 ஃப்ரேமை அவர்கள் ஊர்க் கணக்குக்குள் திணித்திருக்கிறேன். அவர்கள் கரண்ட் நொடிக்கு 60 சுற்று, நம்முடையது 50. பழைய டிவி கணக்கெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. புதிதாக ப்ராஜெக்ட் திறந்து, நாலு டேப்பையும் மறுபடி உள்ளே இழுத்து, ஐந்து ராத்திரி உட்கார்ந்தேன். புத்தகம் எழுதியவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் அவருடைய ஊரில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். எடிட்டிங்குக்கு நீ எடுத்திருக்கிற டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேர் நல்ல தேர்வு. அதை இப்போது தருகிற பிளாக்மேஜிக் கம்பெனிக்காரர்கள் 2009-இல் டாவின்சி கம்பெனியையே வாங்கினார்கள். இலவசப் பதிப்பே உனக்குத் தாராளம். 4கே அல்ட்ரா எச்டி வரைக்கும் வெளியே எடுக்கலாம். பயிற்சிப் புத்தகத்தையும் அவர்களே இணையத்தில் சும்மா தருகிறார்கள், பயிற்சிக் காட்சிகளோடு. ஆனால் மேனுவல் என்று ஆயிரக்கணக்கான பக்கத்தில் இன்னொன்று இருக்கும், அதைத் திறந்து பயந்துவிடாதே. அது மாட்டிக்கொண்ட சமயத்தில் தேடிப் பார்ப்பதற்கு. பாடப் புத்தகத்தை எடு, அதையும் அதே திரையில் வைத்துப் படிக்காதே. டேப்லெட்டில் வை, முடிந்தால் மாப்பிள்ளையை வாசிக்கச் சொல். அவருக்கும் எடிட்டிங் தெரியாதது நல்லதுதான்.

ரிசால்வில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம், கீழே அதற்கு ஒரு பட்டன் இருக்கும். கிராஃபிக்ஸ் வேலைக்கான ஃப்யூஷன் பக்கம் தலை வைத்துப் படுக்காதே, கலரும் இந்த மாதத்துக்கு வேண்டாம். மீடியா, எடிட், ஃபேர்லைட்டில் குரல் அளவு மட்டும், முடித்ததை வெளியே எடுக்க டெலிவர். உன் பாடத்துக்கு இது போதும். அவர்கள் தரும் காட்சியில் ஒரு பாடத்தைச் செய், அதே பாடத்தை அன்றைக்கே உன் பாட வீடியோவில் செய். இரண்டாவதுதான் கணக்கு.

முதல் கிளிப்பை உள்ளே விடும் முன்னால் ஃப்ரேம் கணக்கை முடிவு செய்துவிடு. உள்ளே விட்ட பிறகு ப்ராஜெக்டில் அந்த இடம் பூட்டிக்கொள்ளும். நீ இருக்கிற மஸ்கட்டிலும் கரண்ட் 50-தான், நம் ஊர் மாதிரி. வகுப்பறை டியூப் லைட்டில் படம் மினுக்கினால் கேமராவின் ஷட்டரை நொடியில் 50-இல் ஒரு பங்கு என்று வை. போனில் 25 கிடைத்தால் 25, இல்லையென்றால் 30-ஐயே ப்ராஜெக்டிலும் வை. கலக்காதே. போன் இன்னொரு சேட்டையும் செய்யும்: ஃப்ரேம் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். பாதிப் பாடத்தில் உன் வாயும் குரலும் விலகிப்போனால் நீ காரணம் இல்லை. ஹேண்ட்பிரேக் என்கிற சாஃப்ட்வேரில் போட்டு நிலையான ஃப்ரேமுக்கு மாற்றிவிட்டு உள்ளே விடு.

விரலுக்கு ஜே, கே, எல். பின்னால், நில், முன்னால். ஐ உள்ளே, ஓ வெளியே. முதல் இரண்டு நாள் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு இந்த ஐந்து எழுத்தோடு மட்டும் இருந்துவிடு. டெக்கில் டேப்பை முன்னும் பின்னும் நகர்த்துகிற ஜாக் சக்கரம் திருப்பின என் விரலுக்கே ஒரே வாரத்தில் பழகியது.

காட்சிகளை எல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டு ஆரம்பி, நடுவில் இடம் மாற்றாதே. மாற்றினால் டைம்லைன் முழுக்கச் சிவப்பாகி 'மீடியா ஆஃப்லைன்' என்று கத்தும். ஒன்றும் அழிந்திருக்காது, திரும்பக் காட்டிக் கொடுத்தால் சேர்ந்துகொள்ளும். ரிசால்வ் உன் ப்ராஜெக்டைத் தன் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், ஃபோல்டரில் தேடினால் கிடைக்காது. வாரம் ஒரு தடவை எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வை.

அந்தப் பழைய புத்தகத்தைக் கேட்டாய். கொரியர் செலவுக்கு அது தாங்காது, அதிலிருக்கும் சாஃப்ட்வேரும் இப்போது யாரிடமும் இல்லை. பீரோவுக்கு மேலேதான் இருக்கிறது, போன வாரம் இறக்கிப் பார்த்தேன். 'அலை' இன்னும் அழியவில்லை. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், பார்.

அம்மா நெத்திலிக் கருவாடு காய வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன், வஞ்சிரம் கேட்காதே, காசிமேட்டில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே? அதற்குள் ஒரு பாடத்தில் மூன்று நிமிஷம் மட்டும் வெட்டி அனுப்பு. சரியாக இருக்க வேண்டியதில்லை. பெரிய டிவியில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், யாராவது விட்டு விட்டு நடக்கிறார்களா என்று.

அன்புடன்,
நைனா