தம்பிக்கு, வண்டி உயரத்தைப் பற்றி

போடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போனில் சொன்னால் “சரிப்பா, சரிப்பா, மீட்டிங் இருக்கு” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும். நீ ஸ்டேட்டஸில் போட்ட வண்டிப் படங்களை உன் அக்கா காட்டினாள். ஒவ்வொன்றாகப் பெரிது பண்ணிப் பார்த்தேன். உன் மகிந்திரா தார் வண்டி கம்பீரமாகத்தான் நிற்கிறது. பின்னால் தெரிகிற மலை, மேகம் எல்லாம் எனக்கு எதற்கு, சக்கரத்தையும் அடியையும்தான் பார்த்தேன். சைடு ஸ்டெப்பைக் கழற்றிவிட்டிருக்கிறாய். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்பிரிங்கில் வண்டியை ரெண்டு இஞ்ச் உயர்த்துகிற லிஃப்ட், 285/75 R16 டயர் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். கம்பெனி உனக்குக் கொடுத்தது 245/75 R16. ராத்திரி தூக்கம் வராமல் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பழைய டயரின் விட்டம் 774 மில்லி, புதுசு 834. அறுபது கூடினால் அக்சில் ஏறுவது அதில் பாதி, 30 மில்லி. லிஃப்ட் 50. ஆக பாடி 80 மில்லி மேலே போய்விட்டது, பின் அக்சில் போனது 30 மட்டும். லிஃப்ட் சாமான் விற்கிறவன் இதை வாய் திறந்து சொல்ல மாட்டான். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸிஸ்தான் உயரும், கல்லில் முதலில் இடிக்கிற பின் அக்சில் கூடு, அந்த ஹவுசிங், இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரை விட்டால் வேறு வழி இல்லை. லிஃப்ட் எதற்கென்றால் அந்தப் பெரிய டயர் மட்கார்டில் இடிக்காமல் ஓடுவதற்கு. நீ ரெண்டையும் சேர்த்துச் செய்திருக்கிறாய், விஷயம் தெரிந்துதான் செய்திருக்கிறாய். ஸ்கூல் விட்டதும் ஷெட்டில் வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றது வீண் போகவில்லை. பழனி அண்ணனிடமும் சொன்னேன், சிரித்துக்கொண்டார்.

ஆனால் வேலை செய்தவன் யார், அவன் எப்படிச் செய்தான் என்று நீ பக்கத்தில் நின்று பார்த்தாயா? புது ஸ்பிரிங் போட்டானா, இல்லை பழைய ஸ்பிரிங்குக்கு மேலே வட்டு ஒன்றை வைத்து அனுப்பிவிட்டானா? வட்டு மலிவு. உயரம் கிடைக்கும், அதற்காகச் சக்கரம் கூடுதலாக மேலே கீழே போய்வரும் என்று நினைக்காதே. முன்னால் உனக்கு ரெண்டு பக்கமும் சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம் தனித்தனி, விஷ்போன் என்பார்கள். உயர்த்தினால் சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் முன்னைவிட அதிகமாகச் சாயும், பூட் என்கிற அதன் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும். ரிம்முக்கு உள்பக்கம் கிரீஸ் தெளித்த மாதிரி கறுப்பாக இருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார். பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் என்று சக்கரத்தைத் திருப்புகிற மூட்டுகளின் சாய்மானமும் மாறியிருக்கும். வீல் அலைன்மென்ட் பார்த்த சீட்டை உடனே அக்கா போனுக்கு அனுப்பு. ஸ்டியரிங்கை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் எழுது.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஆர்ம் மாட்டுகிற இடத்து ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கக் கூடாது. தொங்கும்போது ஆர்ம் கீழே இறங்கி இருக்கும். அந்த நிலையில் இறுக்கினால் உள்ளே இருக்கிற ரப்பர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு குழிக்கும் இன்னும் முறுக்கும், கொஞ்ச நாளில் கிழியும். பிறகு “லிஃப்ட் போட்டதிலிருந்து கடகட சத்தம்” என்பார்கள். சரியான முறை என்ன? எல்லாப் போல்ட்டையும் கைப்பிடியாக விட்டு, சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, பம்பரைப் பிடித்து நாலு தரம் அமுக்கிவிட்டு, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகு, அடியில் படுத்து டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அவன் படுத்தானா என்று கேள். சட்டையில் அழுக்கு இல்லாமல் லிஃப்ட் வேலை முடித்தவனை நான் நம்ப மாட்டேன். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி பார்க்கச் சொல்.

பிரேக் ஹோஸ் நீளம் பார்த்தாயா? சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும்போது ஹோஸ் விறைக்கக் கூடாது. இது ஒன்று மட்டும் தவறினாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்.

டயர் உரசுகிறதா என்று பார்க்க, அதன் தோளில் சாக்பீஸைத் தடவிவிட்டு, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றிப் பார். உள்ளே எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே இடிக்கிறது. ஸ்டெப்னி பழைய டயர்தான் தொங்குகிறது, படத்தில் தெரிந்தது. ஐந்தாவது டயருக்குக் காசு பற்றவில்லையா? சின்ன டயரைக் கலந்து மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போடாதே, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் வாங்கிக் கட்டிக்கொள்ளும். பெரிய டயர் வாங்கினால் அது கனம், பின் கதவுக் கீலைப் பார்த்துக்கொள்.

மீட்டரும் இனிமேல் பொய் சொல்லும். முன்பு 80 ஓடின இடத்தில் இப்போது 86 ஓடுவாய், முள் 80-லேயே நிற்கும். கம்பெனி மீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால் பாதி சரியாகிவிடும் என்று நீ வாதம் பண்ணுவாய். பண்ணு. ஆனால் பிரேக்குக்கு அந்த வாதம் தெரியாது. சக்கரம் பெரிசு, கனம் கூட, டிஸ்க் அதேதான். மட் டயர் போட்டிருக்கிறாய், மழையில் தார் ரோட்டில் அது கம்பெனி டயர் மாதிரி பிடிக்காது. ஓசூர் ரோட்டில் முன்னால் போகிற வண்டியை ஒட்டிக்கொண்டு போகிற பழக்கத்தை விடு.

நம் ஊர் ஜீப் எல்லாம் என்ன டயரில் மலை ஏறின? எம்எம் 540-க்கு 600-16, ஒல்லி டயர். காலையில் ஏலக்காட்டுக்குப் பொம்பளையாட்களை ஏற்றிக்கொண்டு போடி மெட்டின் 17 கொண்டை ஊசியையும் ஏறி, சாயங்காலம் இறங்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு இன்றைக்கும் பழைய மகிந்திராதான் குலுங்கிக் குலுங்கி ஏறுகிறது. உன்னுடையது போல 33 இஞ்ச் டயர் யாரிடமும் இல்லை. லோடுக்காக ஸ்பிரிங் பட்டை ஒன்று கூட்டிப் போடுவோம், அவ்வளவுதான். அக்சிலுக்குக் கீழே இருக்கிற பட்டையை மேலே ஏற்றி உயரம் வாங்கினவர்களும் உண்டு. உன் மாமா வெள்ளை ஜீப்பில் அப்படித்தான் செய்தார். அது என்ன ஆனது என்று உனக்கே தெரியும். அகலம் அதே அகலம், உயரம் மட்டும் கூடினால் வளைவில் எந்தப் பக்கம் போகும்? அதுவும் மேலே கேரியரில் டென்ட் வேறு கட்டியிருக்கிறாய். டென்ட்டில் நீ ஒரு ஆள்தானே படுக்கிறாய், அதற்கு இவ்வளவு பெரிசா?

சட்டமும் பார்த்துக்கொள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு என்ன சொல்கிறது என்று 2019 ஜனவரியிலேயே சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி 182ஏ என்று கொண்டுவந்தார்கள். சொந்தக்காரன் செய்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், இல்லை ஆறு மாதம் வரை உள்ளே, இல்லை ரெண்டும். மெட்டைத் தாண்டிக் கேரளா பக்கம் போனால் கெடுபிடி இன்னும் அதிகம். இன்சூரன்ஸ்காரன் காரணம் தேடிக்கொண்டேதான் இருப்பான், நீயே எடுத்துக் கொடுத்திருக்கிறாய். கம்பெனி ஸ்பிரிங், கம்பெனி டயர், ரிம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திரு. எடைக்குப் போட்டுவிடாதே. முக்கியமாக ஸ்டெப்பை.

ஸ்டெப் விஷயத்துக்கு வருகிறேன். கல்லில் இடிக்கும் என்று கழற்றினாய், அது சரி. மலைக்குப் போகிறவர்கள் கழற்றத்தான் செய்வார்கள். ஆனால் 80 மில்லி ஏறின வண்டியில் ஸ்டெப்பும் இல்லாவிட்டால் உன் அம்மா அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவாள்? சேலை கட்டினவர்கள் யார் ஏறுவார்கள்? பின் சீட்டையும் மடித்து டிராயர் மாதிரி ஏதோ அடித்து வைத்திருக்கிறாய். அதில் சட்டி, அடுப்பு எல்லாம் அழகாகத்தான் அடுக்கியிருக்கிறாய். பாப்பா சீட் மாட்டுகிற கொக்கி அந்தப் பலகைக்கு அடியில் போய்விட்டதா என்று கேட்கச் சொன்னாள் அம்மா.

ஹெட்லைட்டை இறக்கி வைத்தாயா? மூக்கு தூக்கின வண்டியின் வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். சுவருக்கு எதிரே நிறுத்தி, ஸ்க்ரூவைத் திருகி இறக்கு.

போன செவ்வாய்க்கிழமை நான் திண்டுக்கல் போயிருந்தேன். ஜாயிண்ட் கிராஸ் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். தேனியில் கிடைக்கிற சாமானுக்குத் திண்டுக்கல் எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டுத் தெருமுனை டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஸ்கூல் வேன் வந்தது. பாப்பா இறங்கியது. பச்சைக் கட்டம் போட்ட புது யூனிபாரம், தோள்பட்டை இறங்கித் தொங்குகிறது, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று தைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷத்துக்கும், தம்பி.

என்னைப் பார்த்ததும் ஓடிவந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அதுவாகவே ஆரம்பித்தது. “தாத்தா, அப்பா வண்டி ரொம்ப ஹைட்டாயிருச்சு, அம்மா போன்ல பாத்தேன். படியே இல்ல. நான் எப்படி ஏறுவேன்?” என்றது. அப்பா தூக்கி உட்கார வைப்பார் என்றேன். “எப்போ?” என்றது.

பாப்பாவின் அம்மா, அந்தப் பிள்ளை, வாசலுக்கு வந்து “உள்ள வாங்க மாமா” என்று கூப்பிட்டது. காபி போட்டுக் கொடுத்தது. சர்க்கரை இல்லாமல், ஞாபகம் வைத்திருக்கிறது. இளைத்துப்போயிருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, நானும் வாயைக் கிளறவில்லை. உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. அம்மா கேட்பாள், அவளுக்கு நீயே பதில் சொல்லிக்கொள். ஆனால் உன் ஸ்டேட்டஸை அங்கே பார்க்கிறார்கள். அது தெரிந்துதான் போடுகிறாயா, தெரியாமல் போடுகிறாயா என்று எனக்குப் புரியவில்லை.

நான் ஒன்று யோசித்திருக்கிறேன். மடக்குகிற மாதிரி ஸ்டெப் ஒன்று நானே செய்து தருகிறேன். ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாய், மேலே செக்கர் பிளேட், ரெண்டு கீல், ஒரு ஸ்பிரிங். மலைக்குப் போகும்போது மேலே மடக்கிக்கொள், கல்லில் இடிக்காது. ஊருக்குள் இறக்கிவிடு. சேஸிஸில் வெல்டு வைக்க யாரையும் விடாதே, கம்பெனி ஸ்டெப் மாட்டியிருந்த ஓட்டையிலேயே போல்ட் போடுகிற மாதிரி பிராக்கெட் அடிப்பேன். கண் முன்னே மாதிரி இல்லை, ஆனாலும் வெல்டிங் கோடு இன்னும் நேராகத்தான் வருகிறது. பாப்பா முழங்கால் தரையிலிருந்து ஒரு அடி இருக்கும், அன்றைக்கே பார்த்து வைத்துக்கொண்டேன். படி அதற்கு மேலே போகக் கூடாது.

எனக்கு வேண்டியது அளவு மட்டும். டயரில் காற்று சரியாக வைத்து, டேங்க் நிரப்பி, டென்ட்டை இறக்கிவிட்டு, சமதரையில் நிறுத்தி அள. தரையிலிருந்து கதவுப் படி வரைக்கும் ஒன்று. போல்ட் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒன்று. பெங்களூரிலிருந்து வந்து மாட்டிக்கொண்டு போகிற அன்றைக்கு வழியில் திண்டுக்கல்லில் நிற்க நேரம் வைத்துக்கொண்டு கிளம்பு. ரெண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து எழுது. ஒரு பக்கம் அளந்துவிட்டு மற்றதும் அதே என்று போட்டுவிடாதே, லிஃப்ட் போட்ட வண்டி ரெண்டு பக்கமும் ஒரே உயரத்தில் உட்காரும் என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
அப்பா