எங்க ஊர் சூப்பர் மார்க்கெட் ஓனர் அண்ணாச்சிக்கு: பில் போடுற பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் போடுங்க

வணக்கம் அண்ணாச்சி. செங்கோட்டைல நீங்க கடை திறந்த நாள்ல இருந்து எங்க வீட்டு மாசச் சாமான் உங்ககிட்டதான், அந்த உரிமைலதான் எழுதுறேன். கூட்ட நேரத்துல பில் போட ஆள் இல்லைங்கிறது உங்களுக்குத் தெரியாதது இல்ல, சூப்பர்வைசர்ட்ட நானே ரெண்டு தடவ சொல்லிட்டேன், "ஆள் பாத்துக்கிட்டு இருக்கோம்"னாரு, அது தீபாவளிக்கு முன்னால.

போன சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவக் கூட்டிட்டு வந்தேன். நாலு கவுண்டர்ல மூணு துணி போட்டு மூடிக் கிடக்கு. ஒரே ஒரு பிள்ளை பில் போடுது, காய எடை போடாம எடுத்துட்டு வந்தவங்களுக்கு அதுவே ஓடிப்போய் தராசுல வச்சு ஸ்டிக்கர் ஒட்டிட்டு வருது, பைல போட்டுக் குடுக்கதும் அதுவேதான். நாங்க நின்னது முக்கா மணி நேரம். அம்மாவுக்கு முட்டு வலி, அரிசி மூட்டை மேல உக்கார வச்சேன். எங்க முறை வந்தப்பதான் கவனிச்சேன், அந்தப் பிள்ளை செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ஒரு கால மாத்தி ஒரு கால்ல நிக்குது, கணுக்கால் வீங்கி கொலுசு சதைல பதிஞ்சு போயிருக்கு. எனக்கு முன்னால நின்னவரு "எவ்ளோ நேரம்மா"னு அதைத்தான் ஏசினாரு. "சாரி சார்"னுட்டு குனிஞ்ச தலை நிமிராம ஸ்கேன் பண்ணுச்சு. அந்த ஏச்சு உங்களுக்கு வந்திருக்கணும் அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல புனலூர்ல எங்க அக்கா வீடு. அங்க உங்க கடைல பாதிகூட இல்லாத ஒரு கடைல காய் எடை போடத் தனி ஆள், பில் போடுற சேச்சி உசரமான ஸ்டூல்ல உக்காந்துதான் போடுறாங்க, நாலு பேர் வரிசைல சேந்துட்டா சாமான் அடுக்குற பையன் வந்து அடுத்த கவுண்டரத் திறந்துருவான். வெலை நம்மகிட்டதான் கொறச்சல், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஆளக் கொறச்சுத்தான் வெலையக் கொறைக்கணும்னா அந்தக் கொறச்சல் எங்களுக்கு வேண்டாம்.

கோழிக்கோட்டுல கடை வேலை பாக்குற பொம்பளைங்க போராடிப் போராடி 2018ல கேரளாவுல உக்காருற உரிமை சட்டமாச்சு. நம்ம தமிழ்நாட்டுலயும் 2021ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ பிரிவு சேத்தாச்சு, வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது உக்கார எல்லாருக்கும் இருக்கை போடணும்னு. 1956 வரைக்கும் நம்ம ஊரும் அந்தத் திருவிதாங்கூர் பக்கத்தோடதான இருந்துச்சு, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம் இந்தப் பக்கம் ஒரு நியாயமா? உங்க கடை மட்டும் இல்ல, பஜார்ல ஜவுளிக்கடை, பாத்திரக்கடை எங்க போனாலும் பிள்ளைங்க நின்னுக்கிட்டேதான் இருக்கு. வாசல்ல ஆள் உசரத்துக்கு ஆஃபர் ஃப்ளெக்ஸ் வைக்க காசு இருக்கு, ஒரு ஆளுக்குச் சம்பளம் போட இல்லையா?

சரி, கோவத்துல எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. நான் கேக்கது இதுதான். மாசத்து மொத வாரமும் சனி ஞாயிறும் இன்னும் ரெண்டு கவுண்டர் திறங்க, காய்கறித் தராசுக்கு ஒரு ஆள் போடுங்க. அதுக்கு நாள் ஆகும்னாலும் ஸ்டூலுக்கு நாள் ஆகாது, மாடில பிளாஸ்டிக் சாமான் பக்கத்துல அடுக்கி வச்சு நீங்களே விக்கீங்க, அதுல ஒண்ண இன்னைக்கே கீழ எறக்கிப் போடுங்க அண்ணாச்சி.

அந்தப் பிள்ளை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல, நானாப் பாத்துதான் எழுதுறேன், தயவுசெஞ்சு அதைக் கூப்பிட்டு ஒண்ணும் கேட்டுராதீங்க.