என் இடது காதின் கதை

டூயிஸ்பேர்க்

அன்பு மகளுக்கு,

சுரங்கம் தோண்டும் இயந்திரத்தின் முன்னறைக்குள் அமுக்கக் காற்றில் இறங்கி வேலை பார்க்கப் போவதாக நீ தொலைபேசியில் சொன்ன அன்று, அம்மா பக்கத்தில் இருந்தபடியால் நான் அதிகம் கதைக்கவில்லை. என் இடது காது தொழிற்சாலை இரைச்சலால் கெட்டது என்றுதான் நீங்கள் எல்லோரும் நம்பியிருக்கிறீர்கள். அது உண்மையன்று.

நீ பாலர் வகுப்பில் இருந்த காலத்தில், ரைன் நதியில் ‘கார்ல் ஸ்ட்ராட்’ என்ற கப்பலில் நான் சில மாதங்கள் வெல்டிங் வேலை செய்தேன். 1963 இல் கட்டப்பட்ட மூழ்குமணிக் கப்பல் அது. கப்பலிலிருந்து தடித்த இரும்புக் குழாய் ஒன்று சாய்வாக ஆற்றுக்குள் இறங்கும். அதன் நுனியில், அடிப்பக்கம் திறந்த சிறிய அறை ஒன்று இருக்கும். அதைத்தான் மணி என்பார்கள். குழாய்க்குள் படி உண்டு. பத்து மீட்டர் ஆழம் வரைக்கும் மனிதர் உடுத்த உடுப்போடு நடந்து இறங்கி, ஆற்றின் அடியில் நிற்கலாம்.

வாளித் தண்ணீரில் மூக்குப்பேணியைக் கவிழ்த்து அமிழ்த்தினால் உள்ளே காற்று நிற்பதை அப்பம்மா வீட்டுக் கிணற்றடியில் நீ செய்து பார்த்திருக்கிறாய். ஆனால் ஆழம் கூடக் கூட அந்தக் காற்று சுருங்கும். பத்து மீட்டரில் பாதியாகிவிடும். ஆகவே கொம்பிரசர் இடைவிடாமல் காற்றை அனுப்பித் தண்ணீரை மணியின் விளிம்புக்குக் கீழே தள்ளி வைத்திருக்க வேண்டும்.

சுழியோடிகளை அனுப்பினால் போதாதா என்று நீ கேட்கலாம். ரைனின் நீரோட்டம் ஆளை நிற்க விடாது; கலங்கல் நீரில் கையை நீட்டினால் கை தெரியாது. மணிக்குள்ளோ விளக்கு எரியும். முதல் நாள் இறங்கியபோது காலடியில் ஈரக் கூழாங்கற்கள் பளபளத்தன. அவற்றின் இடையே துருப்பிடித்த நங்கூரச் சங்கிலி ஒன்று பாதி புதைந்து கிடந்தது. ஆள் உயரத்துக்கு மேலே ஆறு ஓடுகிறது, நான் அதன் தரையில் சப்பாத்தோடு நிற்கிறேன் என்ற எண்ணம் அப்போது வரவில்லை; மேலே வந்து தேநீர் குடிக்கும்போதுதான் வந்தது. அங்கே வேலை பெரும்பாலும் இப்படித்தான்: கப்பல் பாதையில் புரண்டு கிடக்கும் கற்களை எடுப்பது, தொலைந்த நங்கூரங்களைத் தேடுவது, அடித்தளத்தைச் சோதிப்பது. அந்த ஆற்றின் அடியில் போர்க்காலக் குண்டுகளும் கிடக்கின்றன. 2011 இல் நீர் வற்றியபோது கோப்லென்சில் வெளிப்பட்ட ஒரு குண்டு 1.8 தொன் எடை. அதைச் செயலிழக்கச் செய்வதற்காக ஏறத்தாழ 45,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள்.

இறங்குமுன் இரண்டு இரும்புக் கதவுகளுக்கு நடுவே சிறிய அறையில் அடைபட்டு இருக்க வேண்டும். கப்பல்களை ஏற்றி இறக்கும் கால்வாய்ப் பூட்டுக்கும் இந்த அறைக்கும் ஜேர்மன் மொழியில் ஒரே பெயர்தான், ஷ்லொய்சே. அங்கே நீர்மட்டம், இங்கே காற்றமுக்கம். காற்று சீறிக்கொண்டு நுழையும், அறை சூடாகும், காது அடைக்கும். மூக்கைப் பொத்தி ஊத வேண்டும், இல்லையேல் எச்சில் விழுங்க வேண்டும்.

எனக்கு அன்று தடிமன். கதவை மூடுமுன் மேற்பார்வையாளர் ஒவ்வொருவரையும் பார்த்து, யாருக்காவது சளி இருக்கிறதா என்று முறையாகக் கேட்டார். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். அமுக்கம் ஏறியபோது ஊசி குத்துவது போல் வலித்தது. கையை உயர்த்தியிருந்தால் உடனே நிறுத்தியிருப்பார்கள். நான் உயர்த்தவில்லை. செவிப்பறை கிழிந்தது. அந்தக் கப்பலில் எவரும் பிழை விடவில்லை, நான்தான் பொய் சொன்னேன்.

என்னுடையது இறங்கும்போது வந்த கேடு; உனக்கு ஏறும்போது வரும் கேடுதான் பெரிது. எங்களுக்கு மேலதிக அமுக்கம் ஒரு வளிமண்டலத்தைத் தாண்டுவதில்லை. நீ சொன்ன கணக்கில் உனக்கு அதன் மூன்று மடங்கு. அமுக்கத்தில் இரத்தத்தில் கரையும் நைதரசன், சடுதியாக வெளியே வந்தால் குமிழியாகிறது என்று 1878 இலேயே போல் பேர்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கிவிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் புரூக்ளின் பாலத்தின் அடித்தளத்தில் இறங்கிய தலைமைப் பொறியியலாளர் வாஷிங்டன் ரோப்ளிங் அதனாலேயே நோயில் விழுந்தார். மீதி வேலையை அவர் மனைவி எமிலியின் வழியாகத்தான் நடத்தினார். வேலை முடிந்த களைப்பில், குளித்துவிட்டுச் சாப்பிடும் அவசரத்தில், வெளியேறுமுன் அமுக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும் அந்த இரட்டைக் கதவு அறையின் கடைசி நிமிடங்கள் வீண் என்று தோன்றும். அட்டவணை சொல்லும் நேரம் முழுவதும் இரு. மூட்டு வலித்தால், அது இரவு இரண்டு மணியாக இருந்தாலும், மருத்துவரை எழுப்பு.

‘ஆர்க்கிமிடீஸ்’ என்ற புதிய கப்பலை நெதர்லாந்தில் கட்டி இப்போது பழையதன் இடத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். நீ வரும்போது ஆற்றங்கரையில் நின்று பார்ப்போம்.

நான்கு வயதில் உனக்கு வலது காதில் சீழ் வடிந்தது, உனக்கு நினைவிருக்காது. அன்றைய வைத்தியரின் குறிப்பு என் கோப்பில் இருந்தது. பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். உடற்தகுதிப் பரிசோதனைக்குப் போகும்போது அதைக் கையில் கொண்டு போ, கேட்காவிட்டாலும் காட்டு.

அன்புடன்,
அப்பா