கார்கில் நாட்களில் என் வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

மகளின் திருமணம் நல்லபடியாக முடிந்தது. வந்து வாழ்த்தியவர்களுக்கும் மொய் எழுதியவர்களுக்கும் மண்டபத்திலேயே கைகூப்பிவிட்டேன். இந்த மடல் வேறொரு கடனுக்காக. அவள் 1999 ஜூனில் பிறந்தபோது நான் காஷ்மீரில் திராஸ் பக்கம் இருந்தேன். அவளும் அவள் அம்மாவும் நலமாக வீடு வந்து சேரக் காரணமானவர்கள், கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கிளம்பிப் போனார்கள். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு விளக்கம். வாழ்த்துப் பலகையில் தம்பிகள் என்னைக் 'கார்கில் வீரர்' என்று போட்டிருந்தீர்கள். தோலோலிங்கிலும் டைகர் ஹில்லிலும் ஏறியவர்கள் வேறு. நான் லாரி ஓட்டியவன். சோனாமார்க்கிலிருந்து ஜோஜி லா கணவாய் தாண்டி, பீரங்கிக் குண்டும் கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. தோலோலிங் உச்சியில் எதிரி உட்கார்ந்திருந்தவரை திராஸ் சாலை முழுவதும் அவன் பார்வையில் கிடந்தது. ஆகவே இரவில்தான் கான்வாய் கிளம்பும். முகப்பு விளக்கு போடக் கூடாது, பீடி பற்றவைக்கக் கூடாது. முன்னால் போகும் வண்டியின் நிழலைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஜூன் 13 அன்று அந்த மலை நம் கைக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். திரும்பி வரும்போது வண்டி பெரும்பாலும் காலியாக இருக்கும். காலியாக இல்லாத நாட்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

முகாமில் சப்பாத்தியும் பருப்பும்தான். பத்தாயிரம் அடிக்கு மேலே தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானையில் போட்ட அரிசி எத்தனை நேரம் ஆனாலும் நறுக்கு நறுக்கென்றுதான் இருக்கும். கர்வால் பக்கத்துச் சமையல்காரர் ஒருவர், 'மதராஸி சோறு இல்லாமல் தூங்க மாட்டான்' என்று கேலி செய்தபடியே எனக்காக பிரஷர் குக்கரில் தனியாகப் பொங்கி வைப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் நன்றி.

என் முகவரியில் ஊர்ப்பெயர் கிடையாது. எண், பெயர், யூனிட், பிறகு '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலையம், அவ்வளவுதான். நான் எந்த மலையில் இருக்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் தொலைக்காட்சியில் இரவெல்லாம் போர். மேஜர் சரவணன் மே 29 அன்று பட்டாலிக்கில் வீரமரணம் அடைந்தார். உடலை மீட்டுத் திருச்சிக்குக் கொண்டுவர ஜூலை ஆகிவிட்டது. அந்த நாட்களில் படையில் பிள்ளை இருந்த எந்த வீட்டில் உலை ஒழுங்காகக் கொதித்திருக்கும்? நிறைமாதமாக இருந்த என் மனைவியைச் செய்தி நேரத்துக்கு முன்பே தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பூக்கட்ட உட்கார வைத்துவிடுவார் எதிர்வீட்டு அக்கா. வலி கண்ட இரவில் மாட்டுவண்டிதான் கிடைத்தது. ஆஸ்பத்திரிவரை விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவரும் அவர்தான். அக்கா, அந்த இரவு நானும் விளக்கில்லாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. ஒரு சொல்லைக்கூட அவர் திருத்தவில்லை. 'சிவப்பி கன்று போட்டது, கிடாரி. நீ குளிரில் தலைக்குக் குளிக்காதே.' படித்தால் அம்மாவின் குரலே கேட்கும். குழந்தை பிறந்த பிறகு வந்த இன்லண்டு கடிதத்தில் எழுத்து குறைவு. பள்ளியின் ஊதா மையில் பிஞ்சுப் பாதம் ஒன்றைப் பதித்து அனுப்பியிருந்தார். குழந்தை உதைத்திருக்க வேண்டும், கட்டைவிரல் இழுத்துக்கொண்டு போய் 'அனுப்புநர்' பகுதிவரை தீற்றியிருந்தது. கூட வந்த பஞ்சாப் ஓட்டுநர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, 'இவள் பெரிய லாரி ஓட்டுவாள்' என்றார். டீச்சரம்மா, அவள் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள்.

எங்கள் துண்டு நிலத்து நிலக்கடலைக்குத் தன் கிணற்றிலிருந்து தண்ணீர் விட்ட மாமாவுக்கும், கடன் கணக்கை ஆவணிவரை கேட்காத மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி.

கடைசியாகத் தபால்கார அண்ணன். அந்தக் காலத்தில் படைவீரன் வீட்டு வாசலில் தந்தி என்றால் பெண்கள் அலறிவிடுவார்கள். அது தெரிந்து, எங்கள் வீட்டுக்கு என்ன வந்தாலும் தெருமுனையிலேயே 'கடிதம்தான் அம்மா, கடிதம்தான்' என்று கத்திக்கொண்டே சைக்கிளில் வருவாராம். முட்டி வலி என்று அவர் திருமணத்துக்கு வரவில்லை. ஆடி கழிந்ததும் மகளும் மருமகனும் நேரில் வருகிறார்கள், அண்ணா. வீட்டில் இருங்கள். சாப்பாட்டை நாங்களே எடுத்துவருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
முன்னாள் ராணுவ ஓட்டுநர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்