காமிக் மார்க்கெட்டுக்கு முதன்முறை கிளம்பும் தமிழ் ரசிகர்களுக்கு

அன்பு நண்பர்களே,

ஆகஸ்ட் நடுவிலோ டிசம்பர் கடைசியிலோ டோக்கியோவுக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டு, "கொமிக்கேவுக்கு என்னென்ன கொண்டு போகணும்?" என்று கேட்கிறீர்கள். கொமிக்கே என்பது காமிக் மார்க்கெட்டின் சுருக்கப் பெயர்; ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட புத்தகங்களை விற்கும் டோக்கியோ சந்தை. சென்னையோ சிங்கப்பூரோ கோலாலம்பூரோ, எங்கிருந்து கேட்டாலும் கேள்வி இதுதான். கொண்டு போக வேண்டியதையும் சொல்கிறோம். அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதில் பாதி தானாக விளங்கிவிடும். கொமிக்கேவில் வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை. மேசைக்குப் பின்னால் புத்தகம் வைத்திருப்பவர் பங்கேற்பாளர். வரிசையைச் சரிசெய்பவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர், அவரும் பங்கேற்பாளர். காசு கொடுத்து வாங்க வரும் நீங்களும் பங்கேற்பாளர்தான்.

இது அலங்காரப் பேச்சு அல்ல. 1975-இல் ஜப்பானில் இருந்த பெரிய மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) மாநாடு ஒன்று, தன்னை விமர்சித்த ஒரு பெண் ரசிகரைச் சேர்க்க மறுத்தது. அதை எதிர்த்துப் பேசிய சில இளைஞர்கள், யாரையும் வெளியே நிறுத்தாத ஒரு சந்தையைத் தாங்களே நடத்துவோம் என்று இறங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 21-இல் டோக்கியோவின் தோரனோமோன் பகுதியில் ஒரு கூட்ட அரங்கில் முதல் காமிக் மார்க்கெட் நடந்தது. புத்தகம் விற்க 32 குழுக்கள், வந்தவர்கள் சுமார் 700 பேர். 2019 குளிர்காலத்தில் நான்கு நாள்களில் வந்த எண்ணிக்கை ஏழரை லட்சம். பெருந்தொற்றுக்குப் பிறகு இரண்டு நாள்களாகச் சுருங்கியும், இரண்டரை முதல் மூன்று லட்சம் பேர் வருகிறார்கள். இவ்வளவு பேரையும் போலீசு தடியோ கயிறோ அல்ல, வந்தவர்களின் ஒழுங்குதான் நகர்த்துகிறது. முதல்முறை வருபவர் ஒருவர் தடுமாறினால் பின்னால் நூறு பேர் நிற்க நேரிடும். அதனால்தான் இந்த மடல்.

முதலில் நுழைவு. "டிக்கெட்டே வேண்டாம், போய் நின்றால் போதும்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது 2019 கோடையிலேயே மாறிவிட்டது. இப்போது நாளுக்கொரு கைப்பட்டை (மணிக்கட்டில் கட்டும் நுழைவுச்சீட்டு) வேண்டும். சீக்கிரம் நுழையும் வகை, பிற்பகல் வகை என்று பிரிவுகள் உண்டு. எந்த நேரத்தில் உள்ளே போவீர்கள் என்பதை நீங்கள் வாங்கிய வகைதான் தீர்மானிக்கும். சீக்கிர வகைக்குக் குலுக்கல் உண்டு, அதற்கு விண்ணப்பிக்கும் காலம் முன்பே முடிந்துவிடும். தோஜின்ஷி, அதாவது ரசிகர்கள் சொந்தமாக அச்சிடும் புத்தகங்கள், விற்கும் கடைத்தொடர்கள் சிலவற்றில் கைப்பட்டை முன்கூட்டியே கிடைக்கும். எந்தக் கடை, எந்த விலை என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால் ஏற்பாட்டுக் குழுவின் அதிகாரப்பூர்வத் தளத்தைத்தான் நம்ப வேண்டும். முதல்முறை போகிறவருக்குப் பிற்பகல் வகையே நல்லது என்பது எங்கள் கருத்து. புகழ்பெற்ற சில புத்தகங்கள் தீர்ந்திருக்கும். அதற்கு ஈடாக நின்று, பார்த்து, பேசி வாங்க இடம் கிடைக்கும்.

நம்மூரில் முதல் நாள் முதல் காட்சிக்கு இரவே போய் நிற்பது பெருமை. அங்கே அது குற்றம். இரவு முழுக்க அரங்கின் அருகே காத்திருப்பதை ஏற்பாட்டுக் குழு கண்டிப்பாகத் தடை செய்திருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் பொறுமையும் அரங்க நிர்வாகத்தின் நம்பிக்கையும் போய்விட்டால் நிகழ்ச்சிக்கே இடமிருக்காது.

அரங்கம் அரியாகேயில் உள்ள டோக்கியோ பிக் சைட். ரிங்காய் தடத்தில் கொகுசாய் தென்ஜிஜோ நிலையம், யுரிகமோமே தடத்தில் டோக்கியோ பிக் சைட் நிலையம், இரண்டிலிருந்தும் நடை தூரம். யுரிகமோமேயின் பெட்டிகள் சிறியவை, காலையில் மூச்சு முட்டும். ரயில் அட்டையில் போக வர இரண்டுக்கும் முந்தைய நாளே பணம் ஏற்றிவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு நிலைய இயந்திரத்தின் முன் நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். கழிப்பறைக்கும் வழியில் வேறொரு நிலையத்திலேயே போய்வந்துவிடுவது நல்லது.

பணம்தான் முதல்முறை வருபவர்கள் அதிகம் தவறும் இடம். தோஜின்ஷி பெரும்பாலும் 500 யென், 1,000 யென் என்று முழு விலையில் இருக்கும். விற்பவர் கடைக்காரர் அல்ல. வேலைக்கோ கல்லூரிக்கோ போகும், ஓய்வு நேரத்தில் வரைந்த ஒருவர். அவருடைய சில்லறைப் பெட்டி சின்னது. காலையிலேயே மூன்று பேர் 10,000 யென் தாளை நீட்டினால் பெட்டி காலி, வரிசை நின்றுவிடும். ஒரு நாளுக்கு 1,000 யென் தாள் இருபது, 500 நாணயம் இருபது, 100 நாணயம் இருபது, மொத்தம் 32,000 யென் என்று பிரித்து வையுங்கள். தாள் ஒரு பையில், நாணயம் வேறு பையில். பெரிய தாளை மாற்ற எளிய வழி ரயில் நிலைய இயந்திரம்: 10,000 போட்டு அட்டையில் 1,000 மட்டும் ஏற்றினால் மீதி பெரும்பாலும் 1,000 யென் தாள்களாக வரும். இதை ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். உங்கள் முறை வரும்போது தொகை கையில் எண்ணித் தயாராக இருக்க வேண்டும்.

யாரிடம் என்ன வாங்குவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். இணையக் கேட்டலாக்கில் குழுக்களைக் குறித்துக்கொள்ளலாம். நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு வரைபவர்கள் தங்கள் எக்ஸ் அல்லது பிக்ஸிவ் (ஓவியர்கள் படம் பகிரும் தளம்) பக்கத்தில் 'ஒஷினாகாகி' என்ற விலைப்பட்டியல் படத்தைப் போடுவார்கள். இட எண் என்பது நாள், அரங்கு, வரிசையின் எழுத்து, மேசை எண், கடைசியில் ஏ அல்லது பி. ஒரு நீள மேசையை இரண்டு குழுக்கள் பகிர்வதால் இந்த ஏ, பி. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 90 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், அவ்வளவுதான். வரிசைக்கு வைக்கும் எழுத்து, ஜப்பானிய எழுத்து வகைகளான கதகானாவாகவும் ஹிராகானாவாகவும் இருக்கலாம். கதகானாவில் 'ஷி'யும் 'த்ஸு'வும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு அரங்கின் அந்தக் கோடிவரை நடந்துவிட்டுத் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது. வரைபடத்தைப் படமாகக் கைபேசியில் சேமித்து, காகிதத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் பேர் ஒரே இடத்தில் இருக்கும்போது இணையம் ஊர்ந்துதான் வரும்.

சுவரோரம் மேசை போட்டிருப்பவை கூட்டம் மிகுந்த குழுக்கள். அவற்றின் வரிசை கதவு வழியாக வெளியே போய் வளையும். வரிசையின் கடைசி ஆள் 'சைகோபி' (வரிசையின் கடைசி) என்று எழுதிய பலகையைப் பிடித்திருப்பார். நீங்கள் போய் அவர் பின்னால் நின்றதும் பலகையை வாங்கிக்கொள்ள வேண்டும், அடுத்தவர் வந்ததும் அவரிடம் கொடுக்க வேண்டும். யாரும் சொல்லித்தர மாட்டார்கள், எல்லாரும் செய்வார்கள். "இது கடைசி அல்ல" என்று எழுதிய இன்னொரு பலகையும் உண்டு. நடைபாதையை விடுவதற்காக வரிசையை வெட்டி வேறிடத்தில் தொடர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். அதன் பின்னால் நின்றால் தெரியாமல் நூறு பேரை முந்தியவர் ஆவீர்கள்.

அரங்கின் நடுவே திட்டுத் திட்டாகச் சேர்த்துப் போட்ட சிறு மேசைகளைத்தான் நாங்கள் அதிகம் பரிந்துரைப்போம். சில பத்துப் பிரதிகள் மட்டுமே அச்சிட்டுக் கொண்டுவந்து, அச்சுக் கூலி திரும்பினால் போதும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் அங்கே ஏராளம். பழைய ரயில் நிலையங்களைப் பற்றி, ஒரே ஒரு பறவையைப் பற்றி, ராணுவச் சோற்றுப் பொதிகளைப் பற்றிக்கூட புத்தகம் இருக்கும். "மிதே மோ ஈ தெசு கா", பார்க்கலாமா, என்று கேட்டுவிட்டு மாதிரிப் பிரதியை இரண்டு கையாலும் எடுத்துப் பாருங்கள். பிடித்தால் "ஷின்கான் இஸ்ஸத்ஸு குதாசாய்", புதிய புத்தகம் ஒன்று கொடுங்கள். பிடிக்காவிட்டால் தலையசைத்து நன்றி சொல்லி வைத்துவிடலாம், அதில் குறையில்லை. பேரம் மட்டும் பேசாதீர்கள். மேசையையோ புத்தகத்தையோ கேட்காமல் படமெடுக்கவும் கூடாது.

ஆகஸ்டில் டோக்கியோ 35 டிகிரியைத் தொடும். சென்னை வெயில் பழக்கம்தானே என்று எண்ண வேண்டாம். நிழலில்லாத கான்கிரீட்டில் நகராமல் மணிக்கணக்கில் நிற்பது வேறு. காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு மிட்டாய், ஈரத் துண்டு, தொப்பி வேண்டும். நெரிசலான வரிசையில் குடை விரித்தால் பக்கத்தில் நிற்பவரின் கண்ணைக் குத்தும். தலை சுற்றினால் சமாளிக்கப் பார்க்காமல் உடனே தன்னார்வலரிடம் சொல்லுங்கள். டிசம்பரில் கடற்காற்று எலும்பைத் துளைக்கும். வெளியே கம்பளி, உள்ளே புழுக்கம் என்பதால் கழற்றி மடிக்கக்கூடிய அடுக்குகளாக உடுத்துங்கள். சைவர்கள் உணவைக் கையோடு கொண்டு போவதே நல்லது. காய்கறிப் பண்டம் என்று தோன்றுவதில்கூட மீன் சாறு இருக்கும். குப்பை உங்களோடு திரும்பட்டும்.

சக்கரப் பெட்டியை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். பின்னால் இழுத்துவரும் பெட்டி, முன்னே பார்த்து நடப்பவரின் காலை வாரும். 40 பக்க பி5 அளவுப் புத்தகம் சுமார் 130 கிராம், முப்பது வாங்கினால் நான்கு கிலோ. அகன்ற அடிப்பாகம் கொண்ட தோள்பையும், மூலை மடங்காமல் காக்க ஒரு கெட்டி அட்டைக் கோப்பும் போதும். சுமை மிஞ்சினால் அரங்கிலேயே கூரியர் முகப்பு இருக்கிறது.

காஸ்ப்ளே செய்கிறவர்கள், அதாவது கதாபாத்திரங்களின் வேடமிடுகிறவர்கள், வேடத்தோடு வரவும் கூடாது, வேடத்தோடு திரும்பவும் கூடாது. உடை மாற்றும் அறையில் கட்டணம் கட்டிப் பதிந்து, அங்கேயே மாற வேண்டும். படமெடுப்பது அதற்கென ஒதுக்கிய பகுதியில் மட்டும், அனுமதி கேட்டு மட்டும்.

வயது வந்தோருக்கான புத்தகங்கள் அங்கே வெளிப்படையாக விற்கப்படும். 18 வயது நிறைந்ததற்குச் சான்று கேட்டால் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். வெளிநாட்டவர் அதை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் ஆபாச வெளியீடுகளைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. வாங்கும்போதே சுங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நினைத்தது தீர்ந்துபோயிருந்தால் கலங்க வேண்டாம். பல குழுக்கள் டோக்கியோவின் அகிஹபாரா பகுதியிலுள்ள தோஜின்ஷி கடைகளில் அதே புத்தகத்தைச் சற்றுக் கூடுதல் விலைக்கு வைப்பார்கள். வாங்கியதை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றாதீர்கள். பிறர் படைத்த பாத்திரங்களை வரையும் ரசிகர் புத்தகங்கள் உரிமையாளர்களின் கண்டுகொள்ளாமையில் வாழ்பவை. அவை பரவப் பரவ வரைந்தவருக்குத்தான் ஆபத்து.

மாலை நான்கு மணிக்கு முடிவு அறிவிப்பு வரும். அரங்கம் முழுக்கக் கைதட்டும். பையைக் கீழே வைத்துவிட்டு நீங்களும் தட்டுங்கள்.

ஊர் திரும்பியதும் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் திருப்புங்கள். 'ஒகுஸுகே' என்ற அந்தக் குறிப்பில் எழுதியவரின் தொடர்பு இருக்கும். எந்தப் பக்கம் பிடித்தது என்று இரண்டே வரி, எளிய ஜப்பானியத்திலோ ஆங்கிலத்திலோ, அனுப்புங்கள். ஐம்பது பிரதி அச்சிட்டவருக்குக் கடல் கடந்து வரும் அந்த இரண்டு வரி, நீங்கள் மேசையில் வைத்த 500 யென்னைவிட நீண்ட நாள் இருக்கும்.

அன்புடன்,
அந்த வரிசைகளில் உங்களுக்கு முன்னால் நின்ற தமிழ் ரசிகர்கள்